கைவேலை யாருடையது?

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் வேலைக்குக் குறைவில்லை. பரணில் இருக்கும் குடில் சுரூபங்களை இறக்கித் தூசி துடைக்க வேண்டும். மூங்கில் சிம்புகளைக் கட்டி, நட்சத்திரத்துக்கு வண்ணத்தாள் ஒட்ட வேண்டும். அதிரசத்துக்கும் முறுக்குக்கும் மாவு அரைக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. சிறு வகுப்புக் குழந்தையின் நாட்குறிப்பில், "கிறிஸ்மஸ் பரிசு ஒன்றைக் கையால் செய்து திங்கட்கிழமை கொண்டு வரவும்" என்று எழுதி வருகிறது.

நல்ல வழக்கந்தான். ஆனால் ஞாயிறு இரவு பல வீடுகளில் நடப்பது என்ன? குழந்தை ஒன்பது மணிக்கே உறங்கிவிடுகிறது. கத்தரிக்கோலையும் பசையையும் ஜிகினாத் தூளையும் பரப்பிக்கொண்டு அம்மா பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் வகுப்பறை மேசையில் பரிசுகள் வரிசையாகப் பளபளக்கின்றன. எல்லாமே அழகு. அவற்றுள் எத்தனை குழந்தைகளின் கைவேலை என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

நம் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். சின்னஞ்சிறு குழந்தையைப் பரிசு செய்யச் சொன்னால், அந்தப் பரிசு தொடக்கம் முதல் முடிவு வரை அக்குழந்தையின் வேலையாகவே இருக்க வேண்டும். அதற்கு நமக்குப் பொறுமை இல்லையென்றால், கடையில் ஒன்றை வாங்கி, "இது கடையில் வாங்கியது" என்று சொல்லிக் கொடுப்பதே நேர்மை. பெரியவர் செய்ததைக் குழந்தையின் பெயரில் கொடுப்பது எவருக்கும் நன்மை செய்வதில்லை. எல்லாரையும்விட அதிகம் இழப்பது அந்தக் குழந்தைதான்.

எப்படி என்று எண்ணிப் பார்ப்போம். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டிக்குப் பரிசு செய்ய உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு எந்த நிறம் பிடிக்கும்? மூக்குக் கண்ணாடியைப் பாட்டி எங்கே வைத்துவிட்டுத் தேடுவார்? அதற்கு ஒரு பை செய்தால் பயன்படுமா? இப்படி அவள் மனம் பாட்டியையே சுற்றிச் சுற்றி வருகிறது. தாளை வெட்டும்போதும் பாட்டி, ஒட்டும்போதும் பாட்டி. தன்னைத் தவிர வேறொருவரைப் பற்றி ஒரு மணி நேரம் தொடர்ந்து நினைப்பது ஐந்து வயதில் எளிதன்று. அந்தப் பயிற்சியைக் கைவேலை தானாகவே தந்துவிடுகிறது. இதுவே பரிசு செய்வதன் பெரும்பயன். அம்மா செய்து முடித்துவிட்டால், பாட்டிக்குப் பரிசு கிடைக்கும். சிறுமிக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது.

கொடுப்பதில் மகிழும் மனம் குழந்தைகளுக்கு இயல்பாகவே உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்தார்கள். பிறகு அதை ஒரு பொம்மைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். தாம் பெற்றபோது இருந்ததைவிட, பிறருக்குக் கொடுத்தபோது அந்தக் குழந்தைகளின் முகம் அதிகமாக மலர்ந்தது. அதிலும், ஆய்வாளர் எடுத்துத் தந்த பண்டத்தைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தமக்கென்று வைத்திருந்த பண்டத்திலிருந்து கொடுத்தபோது மகிழ்ச்சி இன்னும் மிகுதி. காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் ஏன் புகழ்ந்தார் என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். தன்னுடையதைக் கொடுப்பதுதான் கொடை. குழந்தைக்குச் சொந்தப் பணம் இல்லை. அதற்குச் சொந்தமாக இருப்பவை அதன் நேரமும் அதன் இரு கைகளுந்தாம்.

சிறு கைகளின் வேலைக்கு இவ்வளவு மதிப்பா என்று சிலர் கேட்கக்கூடும். நம் சிறு வகுப்புகளுக்குப் பெயர் தந்தவரையே நினைத்துப் பார்க்கலாம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயரில் ஒளிந்திருக்கும் 'கிண்டர்கார்டன்' என்பது ஜெர்மன் மொழிச் சொல். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் என்பவர் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் இந்தப் பெயரை வைத்தார். குழந்தைகளின் விளையாட்டுக்கென்று அவர் வகுத்த கம்பளிப் பந்துகளுக்கும் மரக் கட்டைகளுக்கும் அவர் இட்ட பெயர் 'பரிசுகள்' என்பதே. அவற்றோடு தாள் மடிப்பதையும், தாள் பின்னுவதையும், களிமண் பிசைவதையும் கல்வியாகவே அவர் கொண்டார். இன்றும் ஜெர்மனியில் கிறிஸ்மஸ் காலத்தில் நான்கு தாள் பட்டைகளைக் கொண்டு மடித்துச் செய்யும் நட்சத்திரத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது.

மரியா மாண்டிசோரி அம்மையாரையும் இங்கே நினைக்க வேண்டும். மூன்று அரசர்கள் காணிக்கையோடு வந்த திருக்காட்சிப் பெருநாளாகிய ஜனவரி 6ஆம் நாளில்தான், 1907ஆம் ஆண்டு, ரோமை நகரின் ஏழைகள் குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை அவர் திறந்தார். 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்; போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணி செய்தார். சிறு கைக்கு ஏற்ற உண்மையான கருவிகளைக் கொடுக்க வேண்டும், வேண்டாத இடத்தில் பெரியவர் செய்யும் உதவி குழந்தையின் வளர்ச்சிக்குத் தடை என்பது அவர் வலியுறுத்திய பாடம். ஞாயிறு இரவு கத்தரிக்கோலை எடுக்கும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டிய பாடமும் இதுவே.

பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பகலெல்லாம் தையல் ஆலையிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டு வரும் தாய், தூக்கத்தைத் துறந்து ஏன் பரிசு செய்கிறார்? மறுநாள் அது கண்காட்சியில் வைக்கப்படும். முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று அறிவிக்கப்படும். தன் பிள்ளையுடையது மட்டும் கோணலாக இருந்தால் பிள்ளை வாடிவிடும் என்ற அச்சத்தால்தான். ஆகவே பள்ளிகளுக்கும் நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். சிறு வகுப்புகளில் கிறிஸ்மஸ் பரிசுக்குப் போட்டி வைக்க வேண்டாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் நடந்த ஆய்வு ஒன்று 1973இல் வெளிவந்தது. ஓவியம் வரைவதில் தாமாகவே ஆர்வம் கொண்டிருந்த மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், "வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் உள்ள சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் தரவில்லை. ஓரிரு வாரங்கள் சென்றபின் பார்த்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். பரிசு கிடைக்கும் என்ற எண்ணம் வேலையின் இன்பத்தையே குறைத்துவிட்டது. பாட்டிக்காகச் செய்யும் பரிசுக்குப் பாட்டிதான் நடுவர். அதை வாங்கி வரிசையில் வைத்து எண் கொடுக்கும்போது, குழந்தையின் மனத்திலிருந்து பாட்டி மறைந்து, நடுவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

"கோணல்மாணலாக இருப்பதை எப்படிப் பிறருக்குக் கொடுப்பது?" என்ற கேள்வி எழும். கோணலே அழகு என்று நாம் வாதிடவில்லை. குழந்தை தன்னால் இயன்ற அளவு திருத்தமாகச் செய்ய வேண்டும். கிழிந்தால் இன்னொரு தாளை எடுத்து மறுபடி செய்யட்டும். பசை வழிந்தால் துடைக்கக் கற்கட்டும். அவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் கோணல் அதன் வயதின் அளவு. அடுத்த ஆண்டு அது குறையும். அந்த வளர்ச்சியைக் காணும் பேறு, ஆண்டுதோறும் கோணல் பரிசைப் பெற்றுக்கொண்டவருக்குத்தான் கிடைக்கும். பிள்ளைகளின் சிறு கை பட்ட கூழைப் பற்றி வள்ளுவர் பாடியதை வகுப்பில் மனப்பாடம் செய்கிறோம். சிறு கை பட்ட பரிசுக்கும் அது பொருந்தாதா?

செலவைப் பற்றியும் பேச வேண்டும். கையால் செய்த பரிசு சிக்கனமானது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தெர்மாகோல் பலகை, ஜிகினாத் தூள், வண்ண அட்டை, ஒட்டும் கற்கள் என்று பட்டியல் போட்டு அனுப்பினால், கடைப் பரிசைவிட அதிகம் செலவாகும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது சுமை. அத்துடன், பொங்கலுக்குள் அவ்வளவும் குப்பைக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டும் குவளையும் உட்பட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 அக்டோபர் முதல் பிளாஸ்டிக்கால் ஆன ஜிகினாத் தூள் விற்பனையையே கட்டுப்படுத்தத் தொடங்கினார்கள்; நீரிலும் மண்ணிலும் கலந்து மக்காமல் தங்கிவிடும் என்பதே காரணம். தெர்மாகோல் தட்டு கூடாது என்ற மாநிலத்தில், கிறிஸ்மஸ் பரிசுக்காகத் தெர்மாகோல் பலகை வாங்கி வரச் சொல்லலாமா? வீட்டில் இருப்பதைக் கொண்டு செய்வதே பரிசு என்று விதி வைத்துக்கொண்டால், எல்லாக் குழந்தைகளும் ஒரே வாசலில் நிற்பார்கள்.

வீட்டில் இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம்? வயதுக்கு ஏற்றபடி சிலவற்றைச் சொல்கிறோம்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு விதைப்பதைவிட நல்ல வேலை இல்லை. குடிலில் புல்வெளி அமைக்கப் பல இல்லங்களில் கேழ்வரகு முளைக்க வைப்பது வழக்கம். முளைப்பாரி வளர்க்கும் ஊர்களுக்கு இது புதிதன்று. கொட்டாங்கச்சியின் கண்ணுள்ள பாதியை எடுத்து, தண்ணீர் வடிய ஒரு கண்ணைப் பெரியவர் துளைத்துக் கொடுக்கட்டும். மண் நிரப்புவதும், இரவு முழுதும் ஊறிய கேழ்வரகைத் தூவுவதும், காலையும் மாலையும் நீர் தெளிப்பதும் குழந்தையின் வேலை. அங்கேரியிலும் குரோவேஷியாவிலும் புனித லூசியாவின் திருநாளான டிசம்பர் 13இல் கோதுமை விதைத்து, கிறிஸ்மஸுக்குள் வளரும் பசும்பயிரை வீட்டில் வைக்கிறார்கள். நாமும் அதே நாளில் விதைத்தால், மூன்று நான்கு நாளில் முளை தெரியும். திருவிழாவுக்குள் பசும்புல் நிமிர்ந்து நிற்கும். அதைப் பக்கத்து வீட்டுக் குடிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பத்து நாள் மறவாமல் நீர் ஊற்றிய பிள்ளை கொடுக்கும் பரிசு அது.

ஐந்து, ஆறு வயதில் வாழ்த்து அட்டை செய்யலாம். 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஆயிரம் அட்டைகளை அச்சிட்டதிலிருந்துதான் விற்பனைக் கிறிஸ்மஸ் அட்டை பரவியது என்பார்கள். நம் குழந்தைக்கு அச்சகம் வேண்டாம். ஒரு வெண்டைக்காய் போதும். குறுக்கே வெட்டிய வெண்டைக்காயை வண்ணத்தில் தோய்த்துத் தாளில் அழுத்தினால், அழகிய விண்மீன் விழும். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறமே அட்டையாகும். ஒட்டுவதற்கு மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சிய பசை நன்று. பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அது நஞ்சு. குழந்தைகள் தொடும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது.

ஏழு, எட்டு வயதில் கல்கல் உருட்டலாம். புதுச் சீப்பின் பற்களில் சிறு மாவுருண்டையை அழுத்திச் சுருட்டி எடுக்கும்போது, சங்குபோல் வரி விழும். உருட்டுவது அவர்கள் வேலை. எண்ணெய்ச் சட்டி பெரியவர் வேலை. பழைய பாவாடைத் துணியில் பாட்டியின் கண்ணாடிக்குப் பை தைத்துப் பொத்தான் வைப்பதும் இவ்வயதில் முடியும். குருத்து ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்கத் தெரிந்த பிள்ளைகள், அதே விரல்களால் ஓலை நட்சத்திரமும் மடிப்பார்கள்.

அப்படியானால் பெரியவருக்கு வேலையே இல்லையா? உண்டு. தீயும் கத்தியும் அவர் பொறுப்பு. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கலாம். முதலில் ஒன்றைச் செய்து காட்டலாம். காட்டியதைப் பிரித்துவிட வேண்டும். அதன்பின் கேட்டால் சொல்லலாம். கேட்காதபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இவற்றுள் கடினமானது இந்தக் கடைசி வேலைதான். இது அன்னையருக்கு மட்டும் உரியதன்று. தந்தையரும் ஒரு மாலை கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்காரலாம். படம் பிடித்து உறவினருக்கெல்லாம் அனுப்புவதை, பரிசு உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெரிய வகுப்பு மாணவியரே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. டிசம்பர் வந்தால் கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு என்று சீட்டுக் குலுக்கி, பெயர் வந்த தோழிக்கு மறைவாக அன்பு செய்து, கடைசி நாளில் பரிசோடு வெளிப்படும் விளையாட்டை எவ்வளவு ஆவலோடு ஆடுகிறீர்கள்! இத்தனை ரூபாய்க்குள் வாங்க வேண்டும் என்று விதி வைப்பதற்குப் பதிலாக, கையால் செய்ததையே கொடுக்க வேண்டும் என்று ஓர் ஆண்டு வைத்துப் பாருங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால், அவர்களோடு உட்காருங்கள். "தள்ளு, நான் செய்து தருகிறேன்" என்ற சொல் நாக்கு நுனி வரை வரும். அதை அங்கேயே நிறுத்துவது ஒரு நல்ல தவக்கால முயற்சிக்கு ஒப்பானது.

பரிசை யாருக்குக் கொடுப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா முதலில் வருவார்கள். அதோடு நில்லாமல், நாள்தோறும் தன்னை ஏற்றி இறக்கும் ஆட்டோக்கார மாமா, வகுப்பைப் பெருக்கும் ஆயா, குப்பை வண்டியோடு விடியற்காலையில் வரும் அக்கா ஆகியோரையும் அது நினைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பண்டிகைக் காசு கொடுக்க நாம் மறப்பதில்லை. ஆனால் அவர்கள் பெயரைத் தன் கையால் எழுதி ஒரு சிறுமி நீட்டும் அட்டை, காசு சொல்லாத ஒன்றைச் சொல்லும். நம் பள்ளியில் பயிலும் இந்து, இசுலாமியக் குழந்தைகளுக்கும் இதில் வேற்றுமை இல்லை. தீபாவளிக்கும் இரம்சானுக்கும் பொங்கலுக்கும் இதே கைகள் இதே வேலையைச் செய்யலாம்.

பெற்றுக்கொள்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. "அடடா, பிரமாதம்!" என்று சொல்லிவிட்டு அலமாரியில் பூட்டி வைத்தால், குழந்தை இரண்டே நாளில் உண்மையைக் கண்டுகொள்ளும். கண்ணாடிப் பையில் கண்ணாடியை வையுங்கள். கல்கல்லை அதன் எதிரிலேயே தின்னுங்கள். "இந்த வரி எப்படி விழுந்தது? எத்தனை நாள் நீர் ஊற்றினாய்?" என்று கேளுங்கள். புகழ்ச்சியைவிடக் கேள்வியே குழந்தைக்கு நிறைவு தரும். தன் வேலையை ஒருவர் உற்றுப் பார்த்தார் என்பதற்கு அதுவே சான்று.

புனித அசிசி பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்னும் மலையூரில் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக அமைத்தபோது, பொன்னையும் பட்டையும் தேடவில்லை. வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, ஓர் எருது, ஒரு கழுதை ஆகிய அவ்வூரில் கிடைத்தவையே போதுமானவையாக இருந்தன. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் வீட்டுக்கு வீடு குடில் கட்டுகிறோம்.

ஆகவே பெற்றோரே, அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே, இந்தத் திருவருகைக் காலத்தில் மூன்றை மட்டும் செய்வோம். வீட்டில் இருப்பதைக் கொண்டு செய்யச் சொல்வோம். போட்டியும் எண்ணும் வேண்டாம் என்போம். குழந்தை செய்யும்போது நம் கையை விலக்கி வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மேசைமேல் பளபளப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு பரிசையும் காட்டி, "இது யார் செய்தது?" என்று கேட்டால், அந்தக் குழந்தை தயங்காமல் கையை உயர்த்தும்.